பழைய டிரெய்லர்: இஜிஆரா, யூரியாவா?

பழைய பிஎஸ்4 (2020-க்கு முந்தைய புகை விதி) டிரெய்லர் வாங்க மணலி பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, இஜிஆர் வண்டியா யூரியா வண்டியா என்பதைத்தான். இரண்டையும் வைத்து ஓட்டியவன் என்பதால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: வண்டி எந்த ரூட்டில் ஓடப்போகிறது?

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. சிலிண்டருக்குள் சூடு எகிறினால், காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து அது உண்டாகிறது. இஜிஆர் வண்டி அதை உள்ளேயே தடுக்கப் பார்க்கும். வெளியே போகிற புகையில் ஒரு பங்கைக் கூலரில் ஆறவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும். ஆக்சிஜன் குறையும், தீயின் சூடும் இறங்கும். ஆனால் கரி கூடும். ஒருமுறை வால்வைக் கழற்றினோம். வாய் முழுக்கக் கருப்புக் களி. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிச் சுரண்டி மத்தியானச் சாப்பாடே தள்ளிப்போனது.

யூரியா வண்டியில் கதை தலைகீழ். உள்ளே சூடாகவே எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். கரியும் குறையும், டீசலும் மிச்சமாகும். சைலன்சரில் 32.5 சதவீத யூரியாக் கரைசலைத் தெளித்தால், அது அந்தச் சூட்டில் அமோனியாவாகி, கேட்டலிஸ்டில் (வினையைத் தூண்டும் பூச்சுள்ள பகுதி) நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். என்ன, யூரியாவுக்குத் தனியாகக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

இதற்குப் புகையில் சுமார் 200 டிகிரியாவது சூடு வேண்டும். லோடோடு பெங்களூரு ஹைவேயில் போனால் 350 தாராளமாக வரும். எண்ணூரில் கன்டெய்னர் வரிசையில் ஐடிலில் நிற்கும்போது ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், 150 தாண்டினால் அதிசயம். சூடு பத்தாவிட்டால் கன்ட்ரோல் யூனிட் தெளிப்பதையே நிறுத்திவிடும். அரைகுறைச் சூட்டில் தெளித்தால் நாசில் நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும்.

அப்போ துறைமுக ஓட்டத்துக்கு இஜிஆரா? அதுவும் ஐடிலில் சீக்கிரம் கரி பிடிக்கிறதுதான். ஆனாலும் கரியைச் சுரண்டிவிடலாம். கேட்டலிஸ்ட் போனால் செலவு தாங்காது. அதனால் உள்ளூர் ஓட்டத்துக்கு இஜிஆர், நெடுந்தூரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு யூரியா என்பேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் இந்தப் பட்டிமன்றத்துக்கு அவ்வளவாக இடமில்லை. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட்-மணிநேரத்துக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 ஆக இறங்கியதும் பல லாரிகளில் இரண்டுமே வந்துவிட்டன.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பிக்கப் வேண்டும் என்று இஜிஆர் பைப்பில் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். புகை குறைவாகத்தான் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு ஏறியிருக்கும். யூரியா வண்டியில், எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய் சிக்னல் கொடுக்கும் எமுலேட்டர் மாட்டி டேஷ்போர்டை ஏமாற்றுவார்கள். யூரியா டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மீட்டர் முக்கால் காட்டி, உள்ளே தூசி கிடந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.