‘ஆன்லைன் எம்.எஸ்சி. ஸ்பீச் தெரபி’: பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் ஸ்கூல் டீச்சர் ஒருத்தரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். "அக்கா, அந்த விளம்பரத்துல இருக்கறது நீங்கதானே? உங்களப் பாத்துட்டுதான் நானும் சேரலாம்னு இருக்கேன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அனுப்பச் சொல்லிப் பார்த்தால், கழுத்தில் அடையாள அட்டையோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே, ‘எங்கள் மாணவி, இன்று சொந்தக் கிளினிக் நடத்துகிறார்’.

கிளினிக்காம். கொருக்குப்பேட்டையில் என் வீட்டு வாசல் ரூமில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். அதையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மாசக்கணக்காகிறது. ஏன் அடுக்கினேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கேஸ் நடக்கிறது, எழுதாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதியும் பெரிதாகப் பயனில்லை. நான் சேர்ந்தபோது ஒரு பெயர் இருந்தது, இப்போது அந்த விளம்பரத்தில் வேறு பெயர்.

நான் வியாசர்பாடி பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் ஹெல்ப்பர் டீச்சர். சம்பளம் 9,000. கரஸ்ஸில் முடித்த பி.காம். கையில் இருக்கிறது. பள்ளிக்கு வாரத்தில் ரெண்டு நாள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் வருவார்கள். மூணு வருஷமாக வாயே திறக்காத ஒரு குழந்தை அவர்களிடம் ஒருநாள் ‘தா’ என்று கேட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த ஆசை இது. அதை மட்டும் இப்போதும் தப்பென்று நினைக்கவில்லை.

2024 ஜூனில் இன்ஸ்டாவில் விளம்பரம் வந்தது. எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம், ஒரே வருஷம், வீட்டிலிருந்தே படிக்கலாம். நம்பரைத் தட்டிவிட்ட பத்தாவது நிமிஷம் ‘அட்மிஷன் கவுன்சலர்’ கூப்பிட்டான். வார்த்தைக்கு வார்த்தை ‘மேம்’. பி.காம். படித்தவள் இதை எப்படிப் படிக்க முடியும் என்று நானும் கேட்டேன். அசடு இல்லை நான். அதற்கு அவன், "மேம், அமெரிக்காவுல இதே எம்.எஸ். கோர்ஸ் ஆன்லைன்லதான் நடக்குது. வேற டிகிரி முடிச்சவங்களையும் எடுக்கறாங்க" என்று சொல்லி அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கத்தைக் காட்டினான். படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது அப்படியே இருந்தது.

நான் விழுந்த இடம் இதுதான். அவன் காட்டியது பொய்யில்லை. அமெரிக்காவில் பேச்சு மொழி நோயியலில் (ஸ்பீச் தெரபிக்கான படிப்பின் பெயர் அதுதான்) ஆன்லைன் முதுகலைப் படிப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. வேறு பாடம் படித்தவர்கள் அடிப்படைப் பாடங்களைத் தனியாக முடித்துவிட்டு அதில் சேரலாம் என்பதும் உண்மை. அவன் காட்டாமல் விட்டது மீதிப் பாதி. அங்கே ஆன்லைனில் நடப்பது பாடம் மட்டும்தான். ‘ஆஷா’ என்று ஒரு சங்கம் இருக்கிறது (நான் முதலில் ஆஷா பணியாளர் திட்டம் என்றுதான் நினைத்தேன்), அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம். அதன் சான்று வேண்டுமென்றால் 400 மணி நேரம் கிளினிக்கல் பயிற்சி வேண்டும். 25 மணி நேரம் பக்கத்திலிருந்து கவனிப்பது, 375 மணி நேரம் நோயாளிகளோடு நேரடியாக வேலை. மேற்பார்வைக்குச் சான்று பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். பிறகு ஒரு தேசியத் தேர்வு. அதற்கும் மேல், குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் இன்னொருவர் கண்காணிப்பில் வேலை செய்ய வேண்டும். அப்புறம்தான் கையில் சான்று. இவ்வளவையும் நான் தேடிப் படித்தது பணம் போன பிறகு.

பெரம்பூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற மாட்டோம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், போய்ப் பார்த்தோம். ஏ.சி., கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 9001 ஒன்று, ‘மத்திய அரசு அங்கீகாரம்’ என்று ஒன்று. அந்த மத்திய அரசு அங்கீகாரம் வெறும் உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிற யாரும் ஆதார் நம்பரை வைத்துக் காசில்லாமல் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் தெரு மாவுக்கடைக்காரர்கூட வைத்திருக்கிறார். ஐ.எஸ்.ஓ. என்பது நிறுவனம் தன் வேலையை ஒழுங்குமுறையோடு செய்கிறது என்பதற்கான தரச்சான்று. அது டிகிரி கொடுக்கிற அதிகாரமில்லை. அன்றைக்கு ஃபிரேமின் பளபளப்பைப் பார்த்தோம், எழுத்தைப் படிக்கவில்லை.

மொத்தம் 1,65,000 கேட்டார்கள். நான் கட்டியது 1,20,000. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி 76,000க்கு எடுத்தேன். மீதிக்கு ஒன்றரைச் சவரன் செயின் சேட்டு கடைக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. முதல் 25,000க்கு ரசீது உண்டு. மற்றதெல்லாம் யாரோ ஒரு தனி ஆள் பெயரில் இருந்த ஜிபேக்கு. அந்த ஒரே ரசீதையும் பிறகு எடுத்துப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ‘ஸ்கில் டிரெய்னிங் கட்டணம்’ என்று இருந்தது. எம்.எஸ்சி. என்ற சொல் ரசீதில் இல்லை, நோட்டீஸில் இல்லை, விண்ணப்பத்தில் இல்லை. ‘மாஸ்டர் புரோகிராம்’ என்று எழுதியிருந்தார்கள். எம்.எஸ்சி. என்பது அவன் வாயில் மட்டும்தான் இருந்தது. நல்ல வேளை, ரெண்டு தடவை வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தான். இப்போது என்னிடம் உருப்படியாக இருக்கிற ஆதாரம் அந்த ரெண்டு வாய்ஸ்தான்.

பாடம் என்று வந்தது நாலு பி.டி.எஃப்., ஒரு வாட்ஸப் குரூப், கொஞ்சம் வீடியோ. வீடியோவில் பேசியது யாரோ அமெரிக்கக்காரர். மூலையில் இருந்த சேனல் பெயர் தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். பணம் மட்டும் போயிருந்தால் இந்தப் பதிவை இதோடு முடித்திருப்பேன்.

நவம்பரில் பிராக்டிகல் பற்றிக் கேட்டேன். "உங்க ஏரியாவுல பேச்சு வராத குழந்தைங்களுக்கு செஷன் எடுங்க மேம். நூறு மணி நேரம் லாக் புக் எழுதி அனுப்புங்க, நாங்க சைன் பண்ணிடறோம். ஃபீஸும் வாங்கிக்கலாம், தப்பில்ல." எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எதிர் வீட்டு அக்காவுக்கு மூணு வயசுப் பையன். அம்மா, அப்பா, இன்னும் ரெண்டு சொல், அவ்வளவுதான் பேச்சு. நானே போய்க் கேட்டேன். வாரம் ரெண்டு நாள், ஒரு தடவைக்கு 300 ரூபாய். அந்த அக்கா பிளவுஸ் தைப்பவர், ஒரு பிளவுஸ் கூலியை அப்படியே என்னிடம் கொடுத்தார்.

பி.டி.எஃப்.பில் இருந்ததையெல்லாம் செய்தேன். மெழுகுவத்தியை ஊதச் சொன்னேன். ஸ்ட்ராவால் தண்ணீரில் குமிழி விடச் சொன்னேன். உதட்டில் தேன் தடவி நாக்கை நீட்டச் சொன்னேன். பையன் நன்றாகவே ஊதினான். ஊதுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் குரூப்பில் கைதட்டுவார்கள். காது கேட்கிறதா என்று ஒருமுறை எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது, பையன் திரும்பினான். ஓ, கேட்கிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துக் கன்டெய்னர் ஹாரன் யாருக்குத்தான் கேட்காது?

ஏப்ரலில் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு அவனைப் பார்த்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், ‘டீச்சர்’ என்ற மரியாதையில். தூக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயரை ஒட்டி, பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் கேட்டல் நரம்பும் மூளையும் காட்டுகிற பதிலை அளப்பது) எடுத்தார்கள். ரெண்டு காதிலும் நடுத்தரத்தைத் தாண்டிய கேட்டல் குறைபாடு. பெரிய சத்தம் கேட்கும். பேச்சில் இருக்கிற ‘ச’ மாதிரி மெல்லிய ஒலிகள் போய்ச் சேராது. கேட்காத ஒலியை அவன் எப்படிச் சொல்லுவான்?

அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் (கேட்டல் திறனைப் பரிசோதிக்கிற நிபுணர்) மேடம் அக்காவிடம், "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டி, "இவங்ககிட்ட தெரபி போயிட்டிருக்குது மேடம்" என்றார், பெருமையாகவே. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"எங்க படிச்சீங்க?"

சொன்னேன்.

"சி.ஆர்.ஆர். நம்பர்?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அக்காவை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேசாத குழந்தை வந்தா மொதல்ல காது பாக்கணும். பர்ஸ்ட் இயர் பசங்களுக்குக்கூடத் தெரியும்மா. ஊதறது வேற, பேசறது வேற. அஞ்சு மாசம் அவனுக்குக் கேக்காமயே போயிருக்குது. இந்த வயசுல அஞ்சு மாசம் எவ்ளோ தெரியுமா?"

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். அதை உங்களுக்காக எழுதுகிறேன். இந்தியாவில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாக வேலை செய்ய, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அந்த நம்பர்தான் சி.ஆர்.ஆர். 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சிறை என்று எழுதியிருக்கிறது. லாக் புக்கில் என் கையெழுத்தோடு முப்பத்தெட்டு செஷனை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

படிப்பு என்றால் பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு மொழித் துறை இளங்கலைப் பட்டம்) நாலு வருஷம், அதில் கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப். எம்.எஸ்சி. அதற்கு மேல் ரெண்டு வருஷம். பி.ஏ.எஸ்.எல்.பி. இல்லாமல் இங்கே எம்.எஸ்சி. கிடையாது. எல்லாமே நேரில் போய்ப் படிப்பது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம், நம் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற மத்திய அரசு நிறுவனம், போரூரில் ராமச்சந்திரா என்று இடங்கள் இருக்கின்றன. ஆம், கொருக்குப்பேட்டையிலிருந்து முட்டுக்காடு போய்வர நாளில் பாதி போய்விடும், ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்னும் கேட்கவே வேண்டாம். ‘வீட்டிலிருந்தே’ என்ற சொல்லை நம் ஏரியாவில் சுலபமாக விற்க முடிவது அதனால்தான். எந்தக் கல்லூரிக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி, எந்தக் கல்வியாண்டு வரைக்கும் என்று கவுன்சிலின் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியல் கிடக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. நான் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவு செய்யவில்லை.

யு.ஜி.சி.யும் மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் மாதிரிப் படிப்புகளை ஆன்லைனில் நடத்தக்கூடாது என்று 2020 விதிகளிலேயே சொல்லியிருக்கிறது. அந்தந்தத் துறையின் கவுன்சில் ஒப்புக்கொள்ளாத எந்தப் படிப்புக்கும் அதே தடை. 2025 ஆகஸ்டில் இன்னும் இறுக்கி, துணைமருத்துவத் துறைப் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் யாராவது ‘ஆன்லைன்ல சைக்காலஜி’ என்று வந்தாலும் உஷாராக இருங்கள்.

அமெரிக்க டிகிரியையே நேரடியாக ஆன்லைனில் படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆஷாவின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைத் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. பார்த்துவிட்டு, நேரே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போடுங்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கிற என்னைச் சேர்ப்பீர்களா, என் கிளினிக்கல் மணி நேரத்தை எங்கே, யார் மேற்பார்வையில் முடிப்பது என்று கேளுங்கள். நடுவில் செல்போன் கடை மாடிக்காரன் எதற்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் ‘யுனிவர்சிட்டிக்குக் கட்டிட்டோம் மேம்’ என்றார்கள். எந்த யுனிவர்சிட்டி என்றேன். அடுத்த நாள் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில், ‘நீயா குடுத்தது, சிவில் மேட்டர்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அப்புறம் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. அஞ்சு லட்சம் வரை கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கல்வி ‘சேவை’யா இல்லையா என்பதிலேயே வாதம் இருக்கிறது, அதனால் பொய் விளம்பரம் என்ற பக்கத்தைப் பிடித்துப் போட்டிருக்கிறேன் என்றார் வக்கீல். வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது என் போட்டோவும் சேர்ந்திருக்கிறது.

எர்ணாவூர்ப் பெண்ணிடம், ‘மறுவாழ்வுக் கவுன்சில் அனுமதி எண் என்ன என்று மட்டும் கேள்’ என்று சொன்னேன். கேட்டாளாம், உடனே அவள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்களாம்.

பையன் இப்போது ரெண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறான். முறையாகப் படித்தவர்களிடம் தெரபி போகிறான். எதிர் வீட்டு அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதில்லை. முப்பத்தெட்டு செஷன், 300 வீதம் 11,400. மாசம் ஆயிரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதல் தடவை வேண்டாம் என்று கையைத் தள்ளினார், வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். ரெண்டாவது மாசத்திலிருந்து ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தையல் மெஷின் டிராயரில் போட்டுக்கொள்கிறார். நாலு மாசம் ஆகிவிட்டது. இன்னும் 7,400 பாக்கி.