பைஇன்ஸ்டாலரா, நியூட்காவா, எம்பெடட் பைத்தானா? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்கு எது சரி

நான் இருப்பது மலேசியாவின் பட்டர்வொர்த்தில். நான் பைத்தானில் எழுதிய பில் புரோகிராம் ஓடுவது பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் லெபு பாசாரில், ஒரு மளிகைக் கடையில். பைத்தான் நிறுவாத கணினியிலும் ஓடும்படி அதைக் கட்டிக் கொடுக்கும் வழிகள்தான் தலைப்பில் இருப்பவை; முதலில் நான் எடுத்தது பைஇன்ஸ்டாலர். ஒவ்வொரு பழுதுக்கும் ஃபெரி ஏற வேண்டும்.

"தம்பி, பில் அடிச்சா கறுப்பு ஜன்னல் டப்னு மூடிக்குது லா" என்றார் கடைக்கார அண்ணன். என் கணினியில் ஒரு குறையும் இல்லை. போய், சிஎம்டி என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து அதிலிருந்து புரோகிராமை ஓட்டினேன். அப்படி ஓட்டினால்தான் ஜன்னல் மூடாமல் பிழை வரி கண்ணில் நிற்கும். 58 மி.மீ. அகல ரசீதுக்கான என் சொந்த மாட்யூலையே (தனிக் கோப்பாக எழுதிய பைத்தான் கோடு) காணோமாம்.

காரணம் நான்தான். ரோல் அளவை செட்டிங் கோப்பில் படித்து, மாட்யூல் பெயரை ஓடும்போது ஒட்டி உருவாக்கி, பைத்தானோடு வரும் இம்போர்ட்லிப் மூலம் ஏற்றுகிறேன். என்னிடம் இருப்பது 80 மி.மீ. பிரிண்டர். 80 மி.மீ. மாட்யூலை வேறோர் இடத்தில் நேரடியாக இம்போர்ட் செய்திருந்ததால் அது மட்டும் கட்டிய புரோகிராமுக்குள் போய்விட்டது.

பைஇன்ஸ்டாலர் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருக்கும் இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து போகிறது. ஒட்டி உருவாக்கிய பெயர் அதற்குத் தெரியாது. பில்ட் ஃபோல்டரில் 'வார்ன்' என்று தொடங்கும் கோப்பு ஒன்று வரும். அதை நம்பி ஒரு மாலை வீணானது. விண்டோஸில் இல்லாத யூனிக்ஸ் மாட்யூல்களையெல்லாம் காணோம் என்று பட்டியல் போடுகிறது. என் மாட்யூல் மட்டும் அதில் இல்லை. இருப்பதே தெரியாததைக் காணோம் என்று எப்படிச் சொல்லும்? ஹிடன் இம்போர்ட் என்ற ஆப்ஷனில் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. பேக்கேஜ் (மாட்யூல்களின் தொகுப்பு) முழுக்க வேண்டுமென்றால் கலெக்ட் சப்மாட்யூல்ஸ். ஒற்றைக் கோப்பாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கட்டுங்கள். ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறையும் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொண்டுதான் ஓடும். ஆண்டிவைரஸும் அதைத்தான் அதிகம் சந்தேகப்படும்.

நியூட்கா பைத்தானை சி மொழியாக மாற்றி கம்பைல் செய்கிறது. வேகம் உண்டு, மூலக் கோடும் எளிதில் வெளியே தெரியாது. ஆனால் ஒட்டிய பெயர் விஷயத்தில் அதற்கும் அதே குருட்டுத்தனம். இன்க்லூட் மாட்யூல் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று பார்க்க மறுபடியும் நெடுநேரம் கம்பைல். ஊகித்து ஊகித்துத் திருத்துகிற என் போன்றவனுக்கு அது ஒத்துவராது. சிஎக்ஸ்-ஃப்ரீஸ் என்ற இன்னொரு கட்டும் கருவியில் பேக்கேஜ்கள் லிப் ஃபோல்டரில் கோப்புகளாகவே கிடக்கும், எது வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். அதில் நான் இதற்கு மேல் இறங்கவில்லை.

கடைசியில் அந்தக் கடைக்கு நான் வைத்தது எம்பெடட் பைத்தான். நிறுவாமலே ஓடும் சின்ன பைத்தான் இது, பைத்தான் தளத்திலேயே விண்டோஸுக்கு ஜிப்பாகக் கிடைக்கும். எதையும் ஊகித்துக் கட்டுகிற வேலையே இதில் இல்லை, என் கோப்புகள் அப்படியே போகின்றன. குறைகள் உண்டு: பேக்கேஜ் நிறுவும் பிப் இல்லை, ஜன்னல்-பொத்தான் வரையும் டிகிண்டர் இல்லை. என்னைக் குழப்பியது வேறு. பொதுவாக, ஓட்டுகிற ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பைத்தான் தானாகத் தேடும். இதில் 'பிடிஎச்' என்று முடியும் சின்ன டெக்ஸ்ட் கோப்பில் எழுதிய இடங்களில் மட்டுமே தேடும். பைத்தான்பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளைக்கூட மதிக்காது. என் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே இருந்த மாட்யூலைக் காணோம் என்றது. பிடிஎச் கோப்பில் ஃபோல்டர் பெயரை ஒரு வரியாகச் சேர்த்ததும் ஓடியது.

முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்றும் பைஇன்ஸ்டாலர்தான், ஃபோல்டர் முறையில். தெரிந்த கடை ஒன்றிரண்டுதான் என்றால் எம்பெடட். போன வாரம் ரசீதில் ஒரு திருத்தம்: ஒரே ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அண்ணன் ஃபோல்டரில் போட்டார், நான் வீட்டை விட்டு நகரவில்லை.

"பில் வருது தம்பி. ஆனா எழுத்து ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"