மைக் மெக்கியர்: 'உமன்' முதலில் கேட்கலாமா, 'மெக்கியர்' முதலில் கேட்கலாமா?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய தம்பி மைக், அண்ணன் பெயரில் குளிர்காயக் கூடாதென்று மெக்கியர் ஆனவர். இந்த இரண்டு ஆல்பங்களைத் தேடும்போதும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

'மெக்கியர்' (1974) இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவானது. தயாரிப்பு பால், வாசித்தது பெரும்பாலும் அவருடைய விங்ஸ் குழுவினர். முதல் பாட்டே ராக்ஸி மியூசிக் என்ற ராக் குழுவின் 'சீ ப்ரீஸஸ்'. இதிலுள்ள 'லீவ் இட்' பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 36-ஆம் இடம் பிடித்தது. ஒலி கச்சிதம், ஆனால் பல இடங்களில் பாலின் கைவண்ணம் தம்பியை மறைத்துவிடுகிறது.

'உமன்' (1972) அவ்வளவு மெருகேறியதல்ல. ஆனால் 'லில்லி தி பிங்க்' பாட்டால் 1968-இல் அதே பட்டியலில் முதலிடம் பிடித்த, மைக் இருந்த ஸ்கஃபோல்ட் குழுவின் குறும்பு இதில்தான் இருக்கிறது. பல பாடல்களில் அந்தக் குழுவின் கவிஞர் ரோஜர் மெக்கஃபும் கூட்டு. மைக்கை அறிய இதுவே முதலில்; விங்ஸ் ரசிகர்கள் மட்டும் 'மெக்கியர்' பக்கம் போகலாம்.