கையில் இருப்பது புத்தகமா, படப்பெட்டியா?

1840, 50களின் அமெரிக்க டாகுரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் பதியும் தொடக்ககாலப் புகைப்படம்) உருவப்படங்களில் அடிக்கடி காணும் கைப்பொருள்கள் இவை. படப்பெட்டி என்பது இத்தகைய படம் ஒன்றை உள்ளே வைத்த, மூடியுள்ள சிறு பெட்டி.

புத்தகம் கல்வியையும் பக்தியையும் குறிக்கும். படம் பதியத் தகட்டில் ஒளி படும் பல நொடிகளில் கை அசையாமலும் காக்கும். ஆனால் அது ஸ்டூடியோவுக்குச் சொந்தமானதாக இருக்கலாம். அதை வைத்து எழுத்தறிவை முடிவுசெய்யக் கூடாது. (தகட்டில் இடவலம் மாறிப் பதியும், அட்டை எழுத்தைக் கண்ணாடியில் காட்டிப் படியுங்கள்.)

படப்பெட்டியே நெருக்கமான சாட்சி. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் இறந்துபோன அல்லது தொலைவிலிருக்கும் உறவினர். துக்க உடையும் சேர்ந்திருந்தால்தான் மரணம் என்று கொள்ளலாம். வெள்ளித் தகடு கண்ணாடிபோல் மின்னுவதால், படத்துக்கு அமர்ந்தவர் பெட்டியைச் சரியாகச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் உள்ளிருக்கும் முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

கையிலிருக்கும் பொருள் மூடியிருந்தால்தான் சிக்கல். கொக்கியை நம்பாதீர்கள், அது பைபிளுக்கும் உண்டு. உருப்பெருக்கியில் தாள்விளிம்பின் மெல்லிய கோடுகள் தெரிந்தால் புத்தகம்.