ஆஸ்திரேலியா பழத்தோட்ட வேலைக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் சேர்க்கிறார்கள். பழம் பறிக்கும் வேலை, தங்க இடம் இலவசம், மாதம் 14,000 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வாரத்தில் பர்மிட் கைக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. என் அக்கா மகனுக்கு வந்த படத்திலும் இதே வாசகங்கள்தான் இருந்தன. போன் எண் மட்டும் வேறு. பணம் கட்ட யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அக்கா மகன் இங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தான். சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் போக என்ன மிஞ்சும்? ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 24.95 டாலர். ஆகவே ஏஜெண்ட் சொன்ன சம்பளக் கணக்கு வெறும் கற்பனை இல்லை. அங்கே முறையாக வேலை செய்பவர்களுக்கு அது கிடைக்கிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் நம்புகிறார்கள், அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆள் சேர்க்க வந்த ஏஜெண்ட் எங்களுக்குத் தெரியாதவனும் இல்லை. அவன் தாத்தா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பான். அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "அக்கா, உங்க பையன் என் தம்பி மாதிரி, நான் பாத்துக்கிறேன்" என்றான். எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டினான். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் அக்கா மனம் இளகினாள். ஆனால் வியாபாரப் பெயரில் ஒரு கடையைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 60 வெள்ளி போதும். பதிவு வேறு, ஆள் சேர்க்கும் உரிமம் வேறு. 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, ஆள் சேர்ப்பவர் மனித வள அமைச்சின் கீழ் இருக்கும் தொழிலாளர் இலாகாவிடம் உரிமம் வாங்க வேண்டும். ஏ வகை உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்கு அனுப்ப அது போதாது. உரிமமே இல்லாமல் நடத்தினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. இவனிடம் எந்த வகையும் இல்லை.

அக்கா இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம், நகையை அடகு வைத்துக் கொஞ்சம் என்று 9,500 வெள்ளி கட்டினாள். பணம் போனது வேறொருவர் பெயரில் இருந்த கணக்குக்கு. கேட்டதற்கு "பார்ட்னர் அக்கவுண்ட், அக்கா" என்றான்.

வந்த பர்மிட்டைப் பற்றிச் சொல்கிறேன். கலரில் அச்சடித்து, மேலே கங்காருவும் ஈமுவும் நிற்கும் சின்னத்தோடு ஒரு தாள். உண்மையில் அவன் எடுத்துக் கொடுத்தது இ.டி.ஏ. என்கிற மின்னியல் பயண அனுமதி. மலேசியப் பாஸ்போர்ட் உள்ள எவரும் தன் கைப்பேசியிலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். ஒரு தடவை போனால் 3 மாதம் வரை இருக்கலாம், சுற்றிப் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம். வேலை செய்யக் கூடாது. 20 டாலர் அனுமதியையும் ஒரு விமான டிக்கெட்டையும் கொடுத்துவிட்டு மீதியை அவன் எடுத்துக்கொண்டான்.

புறப்படும் முன் ஏஜெண்ட் சொன்னதுதான் முக்கியம்: "தம்பி, மெல்பர்ன் ஏர்போர்ட்ல கேட்டா ஹாலிடேன்னு சொல்லு. வேலைன்னு வாயே தொறக்காத." நிஜமான வேலை விசா வைத்திருப்பவன் எதற்கு மறைக்க வேண்டும்? இந்த வார்த்தை காதில் விழுந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, விமானம் ஏறாதீர்கள்.

அக்கா மகனை விக்டோரியா மாநிலத்தில் ரோபின்வேல் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். திராட்சையும் பாதாமும் விளையும் இடம். ஒரு வீட்டில் மெத்தைக்கு மெத்தை இடித்துக்கொண்டு ஆட்கள். மெத்தைக்கு வாடகை, வேனுக்குக் கூலி, எல்லாம் சம்பளத்தில் பிடித்தம். முதல் சம்பளத்தையே காண்ட்ராக்டர் கையில் வைத்துக்கொண்டான். பாஸ்போர்ட்டும் அவனிடம்தான். அனுமதி முடியும் நேரத்தில் "புது பர்மிட்" என்று 800 டாலர் வாங்கி ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினான். அது அகதிப் பாதுகாப்பு விசாவுக்கான விண்ணப்பம். சொந்த நாட்டில் தன் உயிருக்கு ஆபத்து என்று அந்தப் பிள்ளை சொன்னதாக அதில் எழுதியிருந்தது. அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, காண்ட்ராக்டர் படித்துப் பார்க்கவும் விடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பொய் விண்ணப்பம் அவன் பெயரில், பணம் காண்ட்ராக்டர் பையில்.

விசா முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் 3 ஆண்டுக்குப் பெரும்பாலான தற்காலிக விசாக்கள் கிடைக்காது. அவன் அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். வந்ததே போதும் என்று அக்கா இருக்கிறாள்.

சரி, என்ன பார்க்க வேண்டும்? விசா கொடுத்தால் அதை ஆஸ்திரேலிய உள்துறை இலாகாவின் வேவோ என்ற இணையச் சேவையில் போட்டுப் பாருங்கள். எந்த வகை விசா, வேலை செய்யலாமா என்பது அங்கே தெரியும். பசிபிக் தீவுத் தொழிலாளர் திட்டத்தில் பெயர் சேர்த்திருக்கிறோம் என்று ஏஜெண்ட் சொல்வான். அந்தத் திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் திமோர் லெஸ்தேக்கும் மட்டும், மலேசியாவுக்கு இல்லை. நமக்கு 462 என்ற வேலை-விடுமுறை விசா உண்டு. அதற்கு வயது 18 முதல் 30 வரை, உயர்கல்வித் தகுதியும் ஆங்கிலமும் வேண்டும். தகுதி இருந்தால் நாமே விண்ணப்பிக்கலாம். பணம் கேட்கும் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அக்கா பணம் போட்ட கணக்கின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன.

தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று வந்தால் இன்னும் பயப்படுங்கள். தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கிறார்கள். மியான்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

இப்போதுதான் பணம் போட்டீர்கள் என்றால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்கு அழையுங்கள். நேரம் கடந்திருந்தாலும் போலீஸில் புகார் செய்யுங்கள், தொழிலாளர் இலாகாவிலும் கொடுங்கள். அதே ஆளிடம் பணம் கட்டிய இன்னும் சில குடும்பங்கள் நம் ஊரில் இருப்பது எனக்குத் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் அவன். ரசீது இல்லையே என்று தயங்காதீர்கள், வங்கி மாற்றுச் சீட்டு இருந்தாலும் கொண்டுவாருங்கள். அவன் அனுப்பிய குரல் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். அக்கா புகார் கொடுக்கப் போனபோது போலீஸ் முதலில் கேட்டது அதைத்தான்.