கொள்ளுப்பிட்டியில் சுட்ட ஒக்டோபஸ்: பதம் சரி, நெருப்புத்தான் காணாது

கொழும்பில் ஒக்டோபஸ் ஓடர் பண்ணினால் பல்லுக்குத்தான் வேலை என்று நினைத்திருப்பவர்கள் கொள்ளுப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் இருக்கும் இந்த மத்தியதரைக்கடல் உணவகத்துக்கு ஒருமுறை போகலாம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

தடித்த முழுக்கால் ஒன்று வந்தது, கத்தி சும்மா இறங்கியது. ஒக்டோபஸ் தசையில் கொலாஜன் என்ற இறுக்கமான புரதம் அதிகம். அது ஜெலட்டினாக இளகும்வரை, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அவிய வேண்டும், பிறகுதான் நெருப்புக்கே போக வேண்டும், அந்தப் பொறுமை இந்தக் குசினியில் இருக்கிறது. ஃப்ரோசனா என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன், "ஓம் அக்கா" என்றார் கூச்சத்தோடு. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் தசைநாரை உடைத்துவிடும். கிரேக்க மீனவர்கள் பாறையில் அடித்து அடித்துச் செய்வதும் அதைத்தான்.

சுட்டதில்தான் கோட்டைவிட்டார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருக்க வேண்டியது ஈரமாக, வெளிறிப்போய்க் கிடந்தது. அவித்ததைத் துடைக்காமல் அப்படியே கிரில்லில் போட்டிருப்பார்கள் போல, ஈரம் இருந்தால் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும், பிறகு எங்கே கருகுவது? கிரேக்கத் தீவுகளில் ஒக்டோபஸைக் கொடியில் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்த பிறகே சுடுவார்கள். காலி வீதியில் அது நடக்கிற காரியமில்லை, ஆனால் ஃபிரிஜ்ஜில் மூடாமல் ஓர் இரவு வைத்திருந்தாலே போதும்.

அடியில் ஃபாவா, சன்டோரினித் தீவுக்குப் பேர்போன பருப்பு மசியல். இங்கே நம்ம மைசூர்ப் பருப்பில் செய்திருக்கிறார்கள் என்று நாக்கு சொன்னது, என்றாலும் ஒலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் சேர்ந்து அருமையாக இருந்தது, தட்டை வழித்துச் சாப்பிட்டேன். ஓரிகானோ, எலுமிச்சை, நல்ல எண்ணெய் இவ்வளவும் போதும் இந்தச் சாப்பாட்டுக்கு, அதற்கு மேல் இனிப்பு மிளகாய் சோஸைக் கோடு கோடாக இழுத்தது யாருடைய யோசனையோ.

பட்டியலில் உள்ள விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். சோஸ் வேண்டாம், நன்றாகக் கருகவிடுங்கள் என்று ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.