கூடிப் பேசுவதா, தாளில் எழுதிச் சுற்றுவதா?

ஒரு குழு புது யோசனை தேட இந்த இரண்டு வழியும் உண்டு. பாம்பன் பக்கம் கருவாடு போடும் மகளிர் குழு ஒன்று, ஐப்பசி மழையில் வெயிலே வராத 3 நாளில் நெத்திலியைக் கெடாமல் காயவைக்க வழி தேடுகிறது என்று வையுங்கள். கேள்வி இவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும். "வியாபாரத்தை எப்படிப் பெருக்குவது" என்று கேட்டால் பழைய பதில்தான் வரும்.

கூடிப் பேசும் முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். யாரையும் குறை சொல்லக்கூடாது, யோசனை நிறைய வர வேண்டும் என்பது விதி. செலவில்லை, எழுத்தும் வேண்டாம். ஆனால் ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவருக்கு, தான் நினைத்தது மறந்துபோகும். மூத்த அக்கா "தார்ப்பாய் கட்டுவோம்" என்றதும் எல்லோர் யோசனையும் தார்ப்பாயையே சுற்றும். தனித்தனியே யோசித்தவர்களின் பட்டியலைச் சேர்த்தால், கூடிப் பேசிய குழுவைவிட அதிக யோசனை தேறுகிறது என்று 1958-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டிவிட்டது.

எழுதிச் சுற்றுவது, 1968-இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் வகுத்த 6-3-5 முறை. 6 பேர், ஆளுக்கொரு தாள், 3 யோசனை, 5 நிமிடம். பிறகு தாள் பக்கத்து ஆளுக்குப் போகும். அவர் மேலே உள்ளதைப் படித்து, வளர்த்தோ திருப்பிப்போட்டோ 3 எழுதுவார். 6 சுற்று, அரை மணி, 108 யோசனை. பின்சுற்றுகளில் படிக்கவே நேரம் போய், எழுதியதையே எழுதுவார்கள். அப்போது 7 நிமிடம் கொடுங்கள். எழுதச் சிரமப்படுபவர் படம் வரையலாம், பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லி எழுதவைக்கலாம்.

எழுத்துதான் முதலில். பேச்சு அதன்பின், ஒரே மாதிரியானவற்றை அடித்துவிட்டு, 2 கிலோ மீனில் சோதித்துப் பார்க்கக்கூடிய மூன்றைப் பொறுக்க.